எதிரி சொன்ன சாட்சி

நம்மைப் பற்றி நம் சிநேகிதர்கள் நாலு நல்ல வார்த்தை சொன்னால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சிநேகிதர்கள் பின்னே எதற்காக இருக்கிறார்கள்? சொந்தக்காரர்கள் சொன்னால் கொஞ்சம் ஆச்சரியம். சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டால் அன்றைக்கு மழை கொட்டும் என்று குடையை எடுத்து வைத்துக்கொள்ளலாம்! ஆனால், நம்மால் சர்வ நாசம் அடைந்த ஒரு மனிதர், தமக்குச் சல்லிக் காசு லாபம் இல்லாதபோது, "அவரைப் போன்ற தீரனைப் பார்த்ததில்லை" என்று நம்மைப் பற்றிச் சொல்வாரா?

அப்படி ஒருவர் சொன்னார், வாசக நேயர்களே! சொன்னவர் ஒரு ஜெர்மானியர். அவர் யாரைப் பற்றிச் சொன்னாரோ அந்த மனிதர் அப்போது உயிரோடு இல்லை. அவருடன் இருந்தவர்களிலும் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த ஜெர்மானியரும் அவருடைய ஆட்களும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இந்தக் கதை கடலோடு போயிருக்கும். நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

லாயிட் ஆலன் டிரிக் என்பவர் 1914-ம் வருஷம் மே மாதம் நியூஸிலாந்தின் வடகோடியில் ஹௌஹோரா என்ற சிற்றூரில் பிறந்தவர். விவசாய யந்திரங்களை விற்பனை செய்வது அவர் தொழில். கல்யாணம் ஆகி இரண்டு பையன்களும் பிறந்திருந்தார்கள். 'ஏதோ யுத்தமாம், எங்கேயோ ஐரோப்பாவிலாம்' என்று அவர் கலப்பை விற்றுக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் 1941-ல் விமானப் படையில் சேர்ந்தார். கனடாவில் பயிற்சி முடித்து, மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் விமானப் படையின் 200-வது பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு என்ன வேலை தெரியுமா? கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்!

சிரிக்காதீர்கள். அந்த யுத்தத்தில் இங்கிலாந்தின் ஜீவநாடி கப்பல்களில் இருந்தது. கோதுமை, பெட்ரோல், துப்பாக்கி, துருப்புகள் எல்லாம் கடல் வழியாகத்தான் வரவேண்டும். அந்தக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஒளிந்திருந்து அடித்துக்கொண்டிருந்தன. ஆனால் அந்த நாளைய நீர்மூழ்கிக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீருக்கு அடியில் அது பாட்டரி மின்சாரத்தில் ஓடும். பாட்டரி தீர்ந்தால் மேலே வந்து, டீசல் எஞ்சினை ஓட்டி, மறுபடி மின்சாரம் ஏற்றிக்கொண்டாக வேண்டும். அப்படி மேலே வந்து மூச்சு விடும் சமயம் பார்த்து, ஆகாயத்திலிருந்து பாய வேண்டும். பாய்ந்து போட வேண்டிய குண்டும் தனி ரகம். குறிப்பிட்ட ஆழத்துக்குப் போனதும் தண்ணீருக்குள்ளேயே வெடிக்கும். அந்த அதிர்ச்சியில் நீர்மூழ்கியின் உடல் நசுங்கிப் போகும்.

இந்தக் காவல் வேலையில் தினமும் சண்டை கிடையாது. மணிக்கணக்காக வெறும் தண்ணீர். அலையின் நுரையைப் பார்த்துக் கப்பல் என்று மயங்குவது, கண் எரிவது, முதுகு வலிப்பது, திரும்பி வருவது. அடுத்த நாள் மறுபடியும் அதே தண்ணீர். இப்படி 46 முறை போய் வந்திருந்தார் டிரிக். அவற்றில் இரண்டு தடவை நீர்மூழ்கிகளைக் கண்டு தாக்கியதற்காக ஒரு பதக்கமும் கிடைத்திருந்தது.

1943-ம் வருஷம் நிலைமை மாறியது. மே மாதம் ஒன்றில் மட்டும் ஜெர்மனி 40-க்கு மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தது. விமானத்தைக் கண்டதும் முழுகி ஓடுவது பழைய வழக்கம். 'இனி ஓடாதே, மேலேயே நின்று சுடு' என்று புது உத்தரவு பிறந்தது. நீர்மூழ்கிகளின் மேல் தளத்தில் விமானங்களைச் சுடும் பீரங்கிகள் ஏறின. புறாவைப் பிடிக்கப் போன பருந்துக்கு எதிரே, புறாவும் அலகைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி!

ஆகஸ்டு 11-ம் தேதி டிரிக்கும் இன்னும் ஏழு பேரும் லிபரேட்டர் என்ற நாலு எஞ்சின் விமானத்தில் புறப்பட்டார்கள். அந்த ரக விமானத்தில் டிரிக் காவலுக்குப் போவது அதுதான் முதல் தடவை. எட்டு மணி நேரம் தேடியும் ஒன்றும் தென்படவில்லை. பிறகு, டாக்கர் துறைமுகத்துக்குத் தென்மேற்கே சுமார் 240 மைல் தூரத்தில், நீரின் மேல் ஒரு நீர்மூழ்கி தெரிந்தது. அதன் பெயர் யு-468. அதன் தலைவர் கிளெமென்ஸ் ஷாமோங். அவரும் வாலிபர்தான்.

நீர்மூழ்கி முழுகவில்லை. சுட ஆரம்பித்தது. விமானத்தின் மேல் குண்டுகள் பாய்ந்தன. தீப் பற்றிக்கொண்டது. வால் பக்கம் முழுவதும் நெருப்பு.

அந்த நிமிஷத்தில் டிரிக்குக்கு எதிரே இரண்டு வழிகள் இருந்தன. சண்டையை விட்டு விலகி, எப்படியாவது கடலில் விமானத்தை இறக்கப் பார்ப்பது ஒன்று. அப்படிச் செய்தால் சிலராவது தப்பிக்கலாம். நேரே போவது மற்றொன்று. நேரே போனால் பீரங்கிக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு போவதாகும். ஒவ்வொரு விநாடிக்கும் நெருப்பு வளரும்.

நேரே போனார்.

நீர்மூழ்கியின் தலைக்கு மேலே 50 அடி உயரம்கூட இல்லை. குண்டு போடுவதற்காகத் திறந்த கதவு வழியே எதிரியின் குண்டுகள் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தன. அப்படியும் குறி தப்பவில்லை. குண்டுகள் நீர்மூழ்கியின் பக்கத்திலேயே விழுந்து வெடித்தன. சிறிது தூரம் போன விமானம் தலைகுப்புறக் கடலில் பாய்ந்தது. எட்டுப் பேரில் ஒருவரும் மேலே வரவில்லை.

நீர்மூழ்கியின் கதி? அதன் வயிறு கிழிந்துவிட்டது. பாட்டரிக்குள் கடல் நீர் புகுந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். மூச்சுத் திணறி, மேலே ஓடி வந்து, சுமார் 20 பேர் கடலில் குதித்தார்கள். 20 நிமிஷத்துக்குள் யு-468 அடியில் போய்விட்டது. குதித்தவர்களும் காயம்பட்டவர்கள், களைத்தவர்கள். சுற்றிலும் சுறாக்கள். ஒவ்வொருவராக மறைந்தார்கள்.

இந்த இடத்தில்தான் விதியின் வேடிக்கையைப் பாருங்கள். விழுந்து நொறுங்கிய லிபரேட்டரிலிருந்து ரப்பர் படகு ஒன்று பிய்த்துக்கொண்டு வந்து மிதந்தது. விமானம் கடலில் இறங்க நேர்ந்தால் உயிர் தப்புவதற்காக விமானிகள் வைத்துக்கொள்ளும் படகு அது. டிரிக்குக்கும் அவருடைய தோழர்களுக்கும் உரியது. அதில் ஷாமோங்கும் அவருடைய ஆட்கள் ஆறு பேரும் ஏறிக்கொண்டார்கள். 51 பேரில் தப்பியவர்கள் அந்த ஏழு பேர்தான்.

மறுநாள் பிரிட்டிஷ் விமானம் ஒன்று படகைப் பார்த்தது. ரப்பர் படகு பிரிட்டிஷ் விமானப் படையுடையது. அதனால் உள்ளே இருப்பவர்களும் நம்மவர்களே, காணாமற்போன லிபரேட்டர்காரர்களே என்று நினைத்துக்கொண்டு உணவும் மருந்தும் போட்டுவிட்டுப் போயிற்று. ஆகஸ்டு 13-ம் தேதி கிளார்க்கியா என்ற போர்க் கப்பல் வந்து அவர்களைத் தூக்கியது. அப்போதுதான் தெரிந்தது, எல்லோரும் ஜெர்மானியர் என்று. கப்பலில் இருந்தவர்களின் முகம் எப்படி மாறியிருக்கும்! தம் தோழர்களைத் தேடி வந்தவர்கள், அவர்களைச் சுட்டு வீழ்த்தியவர்களை அல்லவா கை கொடுத்துத் தூக்கியிருக்கிறார்கள்?

கைதிகளை விசாரித்தார்கள். ஷாமோங்கும் அவருடைய உதவி அதிகாரியும் நடந்ததைச் சொன்னார்கள். எரிகிற விமானத்தைத் திருப்பாமல் அந்த விமானி நேரே வந்ததை, கடைசி வரையில் குறி தவறாததைச் சொன்னார்கள். வெறும் சம்பவமாகச் சொல்லவில்லை, வியப்போடு சொன்னார்கள்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் விக்டோரியா கிராஸுக்கு மேலே வேறு வீரப் பதக்கம் கிடையாது. அதைக் கொடுப்பதற்குப் பலமான சாட்சி வேண்டும். சாதாரணமாக உடன் நின்று போர் புரிந்தவர்கள் சாட்சி சொல்வார்கள். டிரிக்குக்குச் சாட்சி சொல்ல அவர் பக்கத்தில் ஒரு ஜீவனும் இல்லை. எதிரியின் வாய் வார்த்தை ஒன்றையே சாட்சியாக ஏற்று, 1943 நவம்பர் 2-ம் தேதி டிரிக்குக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. மறு வருஷம் நியூஸிலாந்தின் கவர்னர் ஜெனரலின் கையிலிருந்து திருமதி டிரிக் அதைப் பெற்றுக்கொண்டார்.

இதைப் படிக்கும் சகோதரிகளில் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பீர்கள். எனக்குத் தெரியும். 'அதெல்லாம் சரி. வீட்டில் பெண்டாட்டியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறவர் இப்படிச் செய்யலாமா? கூட இருந்த ஏழு பேருக்கும் அம்மா இல்லையா, அகமுடையாள் இல்லையா?'

நியாயமான கேள்வி. நானும் இதை என்னிடம் பல முறை கேட்டுக்கொண்டேன். அந்த நீர்மூழ்கி தப்பிப் போயிருந்தால் அடுத்த வாரம் எந்தக் கப்பலை முழுக்கடித்திருக்குமோ, அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு என்பது ஒரு பதில். அந்தப் பதில் என் புத்திக்குச் சம்மதம். மனசு முழுவதும் சம்மதிக்கிறது என்று சொல்ல மாட்டேன். நீர்மூழ்கிக்காரர்களில் மாண்ட 44 பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே? யுத்தம் என்பது இப்படித்தான். எந்தக் கணக்கைப் போட்டாலும் மீதியாகக் கண்ணீர் நிற்கும்.

ஆனால் ஒன்று. திருமதி டிரிக்குக்கு அந்த ஜெர்மானியர் கொடுத்தது பதக்கம் மாத்திரம் அல்ல. அதைவிடப் பெரியது ஒன்று கொடுத்தார். அது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் குடும்பத்தில் அது கிடைக்காமல் தவித்த ஒருவரை நான் அறிவேன்.

என் பாட்டிக்கு ஒரு தமக்கை. எங்களுக்கெல்லாம் பெரியபாட்டி. அவருடைய புருஷர் ரங்கூனில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மேல் குண்டு போட்டார்கள். அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு, காடும் மலையும் கடந்து, கால்நடையாகவே புறப்பட்டார்கள் அல்லவா? அந்தக் கூட்டத்தில் அவரும் புறப்பட்டார் என்று மட்டும் தெரியும். அப்புறம் சேதி இல்லை. பெரியபாட்டிக்கு அப்போது 20 வயது.

வந்து சேர்ந்தவர்களிடமெல்லாம் போய்க் கேட்டார்களாம். ஒருவர் 'பார்த்தேன்' என்பார்; இன்னொருவர் 'அது வேறு ஆள்' என்பார். இருக்கிறார் என்றும் நினைக்க முடியாது; இல்லை என்றும் நினைக்க முடியாது. வருஷா வருஷம் தெவசம் கொடுப்பதானால் திதி தெரிய வேண்டும். எந்தத் திதி? பெரியபாட்டி குங்குமம் இட்டுக்கொண்டுதான் இருந்தார். கல்யாண வீட்டில் மஞ்சள் குங்குமத் தட்டு அவரிடம் வரும்போது நீட்டுகிறவளின் கை ஒரு நிமிஷம் தயங்குமாம். அந்தத் தயக்கத்துக்காகவே அவர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

இப்படி 20 வருஷத்துக்கு மேல் போயிற்று. அதே ஊரில் இன்னொரு குடும்பம். இரண்டு குடும்பத்துக்கும் வாய்க்கால் வரப்புத் தகராறு. கோர்ட்டு வரையில் போனது. பேச்சு வார்த்தை அறவே கிடையாது. அந்த வீட்டுப் பெரியவரும் ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர். 'அந்த வீட்டு வாசலில் போய் நிற்பதா?' என்று எங்கள் பக்கத்தில் அவரைக் கேட்கவில்லை. 'அவர்களாக வந்து கேட்கட்டுமே' என்று அவரும் சொல்லவில்லை. அவர் காலமான பிறகு அவருடைய மகள் ஒரு நாள் சாயங்காலம் கொல்லைப் பக்கமாக வந்து பெரியபாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "அம்மா, அரக்கான் மலைப்பாதையில் உங்கள் அகத்துக்காரர் காலராவில் போய்விட்டார். மாசி மாதம், அமாவாசைக்கு முந்தின நாள். அப்பாதான் கடைசியில் வாயில் தண்ணீர் விட்டாராம். எங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உங்களிடம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை."

கடைசித் தண்ணீர் விட்ட கைதான்! அந்தக் கை நல்ல கை. ஆனால் ஊருக்கு வந்ததும் வரப்பு குறுக்கே நின்றுவிட்டது.

பெரியபாட்டி அன்றைக்கு அழவில்லை என்று என் பாட்டி சொல்லியிருக்கிறார். "திதி தெரிந்துவிட்டது" என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு வருஷம் தவறாமல் அந்தத் திதியில் சமையற்கட்டில் பெரியபாட்டியே நின்று எல்லாம் செய்வார்.

இப்போது சொல்லுங்கள். நடுக்கடலில் தம் கப்பலையும் 44 தோழர்களையும் பறிகொடுத்த ஷாமோங், அந்த நாசத்தைச் செய்தவரைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யார் என்ன சொல்ல முடியும்? 'எங்கள் மேல் குண்டு போட்டான், நாங்களும் சுட்டோம், விழுந்தான்' என்று மூன்றே வார்த்தையில் முடித்திருக்கலாம். அதுவும் பொய் ஆகாது. ஆனால் அவர் சொன்னதால்தான், பூமியின் மறு கோடியில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தன் புருஷர் எந்த நாள், எந்தக் கடலில், எப்படிப் போனார் என்று தெரிந்தது. அவள் தன் பிள்ளைகளிடம் சொல்வதற்கு ஒரு கதை கிடைத்தது. 'காணாமற்போனார்' என்ற ஒற்றை வார்த்தையோடு அவள் காலம் தள்ள வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கதையில் எனக்கு ஒரே ஒரு குறை. பதக்கம் ஒருவருக்குத்தான். எரிந்த விமானத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். துப்பாக்கியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், வழி பார்த்துச் சொன்னவர்கள் என்று ஆளுக்கு ஒரு வேலை. அந்த நாளைய பிரிட்டிஷ் விதிப்படி, களத்தில் மாண்டுபோனவருக்குக் கொடுக்கக் கூடியவை இரண்டே இரண்டு: ஒன்று, விக்டோரியா கிராஸ், மற்றொன்று, படையின் அறிக்கையில் பெயரைக் குறிப்பிடுவது. நடுத்தரமான பதக்கம் எதையும் இறந்தவருக்குக் கொடுக்க முடியாது. ஷாமோங் பார்த்ததும் வெளியே இருந்துதானே? விமானம் நேரே வந்ததை அவர் பார்த்தார். உள்ளே அந்த ஏழு பேர் எப்படி இருந்தார்கள் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. சாட்சி இல்லாத வீரம் எத்தனையோ!

நமக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். டிரிக்கின் அதே 200-வது பிரிவு 1944-ல் எங்கே வந்தது தெரியுமா? நம் பரங்கிமலைக்கு! அதே லிபரேட்டர் விமானங்களில் இங்கிருந்து கிளம்பி, வங்காள விரிகுடாவில் ஜப்பானிய நீர்மூழ்கிகளைத் தேடிக் காவல் சுற்றினார்கள். ரயிலில் பரங்கிமலை ஸ்டேஷனைத் தாண்டும்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தால் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தோழர் ஒருவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். தினமும் விமானத்தில் ஏறும்போது அவர்களுக்கு என்ன தோன்றியிருக்குமோ!

டிரிக்குக்குச் சமாதி கிடையாது. மத்தியதரைக் கடலில் மால்டா தீவில், உச்சியில் தங்க நிறக் கழுகோடு ஒரு தூண் நிற்கிறது. அந்தப் பகுதிகளிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் பறந்து, புதைக்க உடல்கூட அகப்படாமல் போன ஏறக்குறைய 2,300 விமானப் படையினரின் பெயர்கள் அதன் அடியில் பொறித்திருக்கின்றன. டிரிக்கின் பெயரும் உண்டு. பதக்கம் பெற்றவருக்கு அங்கே பெரிய எழுத்து, பெறாதவருக்குச் சின்ன எழுத்து என்று கிடையாது.

நாம் யாரும் நீர்மூழ்கியில் போகப் போவதில்லை. விமானத்திலிருந்து குண்டு போடப் போவதும் இல்லை. நம் சண்டைகளெல்லாம் சுவர் விவகாரம், சொத்து விவகாரம், நாத்தனார் சொன்ன வார்த்தை, மருமகள் சொல்லாத வார்த்தை. சண்டை இருந்துவிட்டுப் போகட்டும். அதை விடச் சொல்ல நான் யார்? ஆனால் உங்களோடு பேசாத ஒருவருக்குச் சேர வேண்டிய சேதி ஒன்று உங்களிடம் இருக்கலாம். அவருடைய மகன் வெளியூரில் நல்ல பெயரோடு இருப்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கலாம். அவருடைய அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்தச் சேதி உங்களுடையது அல்ல, அவருடையது. நேரில் போகப் பிடிக்காவிட்டால் கொல்லைப் பக்கமாகவாவது போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். 20 வருஷம் காத்திருக்க வேண்டாம்.